திங்கள் மணிகளும் விழா மணிகளும்

மக்கள் தாம் போற்றும் பொருள்களைத் தம் வாழ்நாளின் சிறந்த நாள்களோடு சேர்த்துக் காண விரும்புவர். இன்ன திங்களிற் பிறந்தார்க்கு இன்ன மணி உரியது என்றும், இன்ன ஆண்டு நிறைவுக்கு இன்ன மணி ஏற்றது என்றும் கூறும் மேனாட்டு வழக்கு இவ்விருப்பத்தின்பாற் பட்டதே. அவ்வழக்கு நம் நாட்டு நகைக்கடைகளிலும் இன்று புகுந்துள்ளது. இதன் வரலாறு யாது? மணிக்குக் கூறப்படும் பொருள் மணியினிடத்தே உள்ளதா, மக்கள் மனத்தின்கண் உள்ளதா? மணியைப் பேணும் முறைதான் யாது? இம்மூன்றனையும் முறையே ஆராய்வாம்.

திங்கள் மணிகட்கு மூலமாகப் பலரும் எடுத்துக்காட்டுவது விவிலிய நூலின் யாத்திராகமம் 28-ஆம் அதிகாரமாகும். ஆசாரியனாகிய ஆரோனுடைய மார்ப்பதக்கத்தில் வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசையிற் பன்னிரு கற்கள் பதிக்கப்பெற்றன என்று அங்குக் காண்கிறோம். ஆயின் அவை இசுரவேலரின் பன்னிரு கோத்திரங்களைக் குறித்தனவேயன்றித் திங்களைக் குறித்தனவல்ல. கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜொசீபசு என்பாரே அக்கற்களைப் பன்னிரு திங்களோடும் பன்னிரு இராசிகளோடும் பொருத்திக் கூறினார். இங்ஙனம் ஓர் உவமையாகத் தோன்றிய கருத்து நாளடைவில் வழக்காக வளர்ந்தது.

இன்று வழங்கும் அட்டவணையோ மிகப் பிற்பட்டது. 1912-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு நகை வணிகர் சங்கத்தார் கான்சாசு நகரிற் கூடி அதனை வரையறுத்தனர். சனவரிக்குக் கார்னெட்டு, பெப்ருவரிக்குச் செவ்வந்திக்கல், ஏப்பிரலுக்கு வயிரம், மே மாதத்திற்கு மரகதம், சூனுக்கு முத்து, சூலைக்கு மாணிக்கம், செப்டம்பருக்கு நீலம் என்றிவ்வாறு அது செல்லும். பின்னர் 1952-இல் அது திருத்தம் பெற்றது. 2002-இல் டிசம்பர்த் திங்களுக்குத் தான்சனைட்டு என்னும் கல்லும், 2016-இல் ஆகஸ்டுத் திங்களுக்குச் சிபினெல் என்னும் கல்லும் சேர்க்கப்பட்டன. தான்சனைட்டு 1967-இல் தான்சானியா நாட்டிற் கண்டெடுக்கப்பட்ட கல்லாகும். அதற்கு முன் டிசம்பரிற் பிறந்தார் அதன் பெயரையும் அறியார். அறியாமையால் அவர்க்கு யாதொரு குறையும் நேர்ந்ததில்லை.

ஆண்டு நிறைவு மணிகளின் வரலாறும் இத்தகையதே. வெள்ளி 25 ஆண்டுக்கும் பொன் 50 ஆண்டுக்கும் உரியனவாதல் பழைய வழக்கு. 1937-இல் அமெரிக்க நகை வணிகர் அவ்வழக்கை விரித்து மிகப் பல ஆண்டுகட்கும் ஒவ்வொரு பொருளை அமைத்தனர். முப்பதாம் ஆண்டுக்கு முத்தும், நாற்பதாம் ஆண்டுக்கு மாணிக்கமும், ஐம்பத்தைந்தாம் ஆண்டுக்கு மரகதமும் உரியனவாக இன்று கூறுவர். விக்டோரியா அரசியின் ஆட்சி 60 ஆண்டு நிறைந்தபோது, 1897-இல், அவ்விழா வைரவிழா எனப் பெயர் பெற்றது. நாமும் அறுபதாம் ஆண்டை வைரவிழா என்றே வழங்குகிறோம். ஆனால் எழுபத்தைந்தாம் ஆண்டைத் தமிழ் மக்கள் பவளவிழா என்பர். மேனாட்டாரோ பவளத்தை முப்பத்தைந்தாம் ஆண்டுக்கு வைப்பர். பவளம் ஒன்றே, அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள் நாட்டுக்கு நாடு வேறாயிற்று.

நம் நாட்டு நவமணி முறையை இதனோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். சோதிட நூலார் ஞாயிற்றுக்கு மாணிக்கமும், திங்களுக்கு முத்தும், செவ்வாய்க்குப் பவளமும், வெள்ளிக்கு வயிரமும், சனிக்கு நீலமும் என ஒன்பது கோள்கட்கு ஒன்பது மணிகளை வகுத்தனர். இம்முறையில் ஒருவர்க்குரிய மணி அவருடைய சாதகத்தைக் கொண்டு கூறப்படுவதன்றி ஆங்கிலத் திங்களைக் கொண்டு கூறப்படுவதன்று. ஆதலின் ஒரே குழந்தைக்கு ஒரு முறை மாணிக்கத்தையும் மற்றொரு முறை நீலத்தையும் காட்டக்கூடும். இரண்டும் இயற்கை விதியாயின் தம்முள் மாறுபடா. ஆகவே இப்பொருள்கள் மக்கள் தம் அன்பாலும் அச்சத்தாலும் கற்களின்மேல் ஏற்றியனவேயன்றிக் கற்களிற் பிறந்தனவல்ல என்பது பெறப்படும்.

அற்றேல் மணிக்கு மெய்யாக உரிய இயல்பு யாதுமில்லையோ எனின், உண்டு. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருளின் இருவகை. ஆங்கிலத்திற் கொரண்டம் என வழங்கும் சொல் நம் குருந்தத்தின் வழிவந்ததே. அதன்கண் குரோமியம் சிறிது கலப்பின் சிவப்பாகி மாணிக்கமாம். இரும்பும் தைட்டானியமும் கலப்பின் நீலமாம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மதுரை மாநகரின் மணிவீதியை வருணிக்குமிடத்து, ஒரே பிறப்பினவாய் வனப்பால் ஐவகைப்பட்ட மணிகளைக் கூறுகின்றார். மாணிக்கம், நீலம், புட்பராகம், வைடூரியம், கோமேதகம் என்பன அவை. இவற்றுள் முதல் மூன்றும் ஒரே பொருள் என்பது இக்காலத்துக் கனிப்பொருள் நூலாரும் உடன்படும் உண்மை. வைடூரியமும் கோமேதகமும் வேறு பொருள்களாம். கண்ணாற் கண்டே அத்துணை உணர்ந்த பழந்தமிழ் வணிகரின் கூர்மை வியக்கத்தக்கது.

அக்காப்பியமே மற்றொரு பேருண்மையையும் நமக்கு உணர்த்துகின்றது. கண்ணகியின் சிலம்பிற் பரலாக இருந்தது மாணிக்கம். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. பாண்டியன் சிலம்பின் உள்ளீட்டை ஆராயாமல் பொற்கொல்லன் சொல்லை நம்பினான். கோவலன் உயிர் போயிற்று. சிலம்பு உடைந்தபோது மாணிக்கம் தன் இயல்பைத் தானே காட்டிற்று. மணியைப் பற்றிப் பிறர் கூறும் சொல் பொய்க்கலாம். மணியின் இயல்பு பொய்யாது. ஆராயாத வேந்தன் இழந்தது தன் அரசும் உயிரும் என்றால், ஆராயாத எளியோர் இழப்பன யாவை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று கடன்பட்டும் இராசிக்கல் வாங்குவோர் பலர். 1902-இல் வெர்னூயி என்னும் பிரெஞ்சு அறிஞர் மாணிக்கத்தைத் தீச்சுடரில் ஆக்கும் முறையை வெளியிட்டார். அம்முறையிற் செய்த கல்லும் குருந்தமே. ஆயினும் இயற்கை மாணிக்கத்தின் விலை அதற்கில்லை. வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை நிரப்பித் தெளிவாக்கிய மாணிக்கங்களும் கடைத்தெருவில் உண்டு. பிரித்தானிய மணிமுடியிற் பதித்த பெருஞ்செங்கல் ஒன்று நெடுங்காலம் மாணிக்கமெனப் போற்றப்பட்டுப் பின்னர்ச் சிபினெல் என அறியப்பட்டது. மன்னரே மயங்கிய இடத்து மற்றையோர் மயங்குதல் வியப்பன்று. ஆதலின் விலைமிக்க கல் வாங்குவோர் ஆய்வகச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் கடமையாகும்.

இனி மணிகளைப் பேணுமாறு கூறுவாம். 1812-இல் மோசு என்னும் செருமானிய அறிஞர் கனிப்பொருள்களின் கடினத்தைப் பத்துப் படிகளாக வகுத்தார். வயிரம் 10, குருந்தம் 9, படிகக்கல் 7. நம் வீட்டுப் புழுதியிற் படிகத்துகள் கலந்திருத்தலால், ஏழினுங் குறைந்த கற்களை உலர்ந்த துணியால் அழுந்தத் துடைப்பின் கீறல் விழும். வயிரம் ஏனைக் கற்களைக் கீறுமாதலின் ஒவ்வொன்றையும் தனித்தனி மெல்லிய துணிப்பையில் வைத்தல் நன்று. வயிரமும் கடினமுடையதேயன்றி உடையாததன்று. ஓங்கிய அடி ஒன்று உரிய பக்கத்திற் படின் பிளந்துவிடும். ஆதலின் கடுந்தொழில் செய்யுங்கால் மோதிரத்தைக் கழற்றுக.

முத்தும் பவளமும் சுண்ணப் பொருளாலாயவை. வெள்ளிக்கும் பித்தளைக்கும் ஏற்ற புளியும் எலுமிச்சையும் இவற்றுக்கு நஞ்சு. வியர்வையும் நறுமண நீரும் தீங்கு செய்வனவே. அணியும்போது இவற்றை இறுதியில் அணிந்து, களையும்போது முதலிற் களைந்து, ஈரத்துணியால் மெல்ல ஒற்றி வைத்தல் வேண்டும். முத்துக் கோத்த நூலையும் காலந்தோறும் மாற்றுக. மரகதத்தின் நுண்வெடிப்புகளில் எண்ணெய் ஊட்டுதல் வணிகர் வழக்கமாதலின் அதனை வெந்நீரில் இடலாகாது. ஓப்பற்கல் தன்னகத்தே நீர் உடையது. கடு வெப்பத்தில் வெடிக்கும். செவ்வந்திக்கல் நெடுநாள் வெயிலில் நிறம் மங்கும். வயிரத்தையும், கண்ணாடி நிரப்பாத மாணிக்க நீலங்களையும் இளஞ்சூட்டு நீரில் மென்சவர்க்காரமிட்டு மெல்லிய தூரிகையாற் கழுவலாம். கல்லைப் பற்றிய முனைகள் தளர்ந்துள்ளனவா என்று ஆண்டுக்கொருமுறை பார்ப்பித்தல் நலம்.

இதுகாறும் கூறியவாற்றான், மணிக்கு மக்கள் கூறும் பொருள் வேறு, மணியின் மெய்யியல்பு வேறு என்பது தெளிவாம். அதனால் முன்னது பயனற்றது என்பது எம் கருத்தன்று. தாய் மகட்கு அளித்த சிறு முத்தில் அத்தாயின் அன்பு உண்மையாகவே நினைக்கப்படுகின்றது. ஆனால் அவ்வன்பை அளித்தவள் தாய், முத்து அன்று. அன்பின் அடையாளமாக மணியைப் பெறுவோம். ஊழை மாற்றும் ஆற்றலை அதனிடம் தேடிக் கடனாளிகளாகாதிருப்போம். பெற்றதை அதன் இயல்பறிந்து பேணுவோம். பிறர் சொல்லை ஆராய்ந்து கொள்வோம். மணிகளுக்கேயன்றிக் கல்விக்கும் இது பொருந்துமென்க.