ஆசிரியர் குறிப்பில் இடும் இணைப்பு

நூலை ஆக்கியோன் தன் பெயரை அந்நூலின் முகத்தே பொறித்தல் புகழ்ச்சியோ பொறுப்போ என்னும் வினா தமிழ்மக்களுக்குப் புதியதன்று. நன்னூலார் சிறப்புப்பாயிரத்தின்கண் அமையவேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரையே முதற்கண் வைத்தார். வைத்தும், அப்பாயிரத்தை ஆக்கியோன் தானே செய்துகொள்ளுதல் தகாதென விலக்கி, அவன் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்னும் நால்வருள் ஒருவரே அதற்குரியர் என்றார். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாயிரம் செய்தமையும் இம்மரபினதே. தன்வாய்ப் புகழ்ச்சியினும் பிறர்வாய்ப் புகழே தக்கதென்பது திருமறையின் நீதிமொழிகளுக்கும் உடன்பாடாம். இம்மரபு இணையத்தளங்களின் தரவரிசைக்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தாம்பரத்து மாணவன் ஒருவன் சிட்லப்பாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளைப்பற்றியும், 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் என்பார் பழங்கற்கருவி கண்டெடுத்த பல்லாவரத்தைப்பற்றியும் எழுதப் புதிதாக ஒரு தளம் தொடங்குகின்றான் எனக் கொள்வோம். அதனை அறிவார் இலர். ஆதலின் அவன் பெயர்பெற்ற வேறொரு தளத்துக்குக் கட்டுரை எழுதியுதவி, அதன் இறுதியில் ‘இவர் இன்ன தளத்தின் ஆசிரியர்’ என்னும் குறிப்பும், தன் தளத்துக்கு ஓர் இணைப்பும் இடுகின்றான். இவ்விணைப்பு கூகிள் முதலிய தேடுபொறிகளில் அவன் தளத்தை உயர்த்துமோ தாழ்த்துமோ என்பதே வினா.

விடைகாண, தரவரிசை பிறந்த முறையை அறிதல் வேண்டும். 1998-இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழக மாணவராகிய லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் வெளியிட்ட பேஜ்ராங்க் முறையானது, ஒரு பக்கம் மற்றொன்றுக்குத் தரும் இணைப்பை நற்சான்றாகக் கொண்டது. சான்று கூறுவோன் தகுதி மிக்கானாயின் சான்றின் மதிப்பும் மிகும். அவன் பலர்க்குச் சான்று கூறின் அம்மதிப்புப் பகுக்கப்படும். நுணுக்கங்களை ஒழித்துக் கூறின், 12 அலகு மதிப்புடைய பக்கம் மூன்று இணைப்புத் தரின் ஒவ்வொன்றும் 4 அலகு பெறும். அறுபது தரின் 0.2 அலகே பெறும். ஆகவே இம்முறையின் உயிர்நிலை பிறர் செய்யும் பாயிரமே என்க.

ஆசிரியர் குறிப்பிலுள்ள இணைப்போ, பிறர் மனையில் நின்று தான் பாடிய தன் பாயிரம். இவ்வேறுபாட்டைத் தேடுபொறியாளர் விரைவில் உணர்ந்தனர். 2005-இல் ‘நோஃபாலோ’ என்னும் அடையாளம் ஏற்பட்டது. அது பொறிக்கப்பட்ட இணைப்பு நற்சான்றாகக் கருதப்படாது. 2019 முதல் கூகிள் அதனைக் கட்டளையாகக் கொள்ளாது குறிப்பாகக் கொள்கின்றது. 2012-இல் வந்த ‘பெங்குவின்’ மாற்றம் செயற்கை இணைப்பால் உயர்ந்த தளங்களைத் தாழ்த்தியது. 2014-இல், கூகிளில் அத்துறைத் தலைவராயிருந்த மாட் கட்ஸ், இணைப்பின்பொருட்டு விருந்துக்கட்டுரை எழுதும் வழக்கம் கெட்டொழிந்ததென எச்சரித்தார். 2016 முதல் பெங்குவின் முறை பெரும்பாலும் தண்டித்தலை விடுத்து, அத்தகைய இணைப்புகளைப் பயனற்றனவாக்கி விடுகின்றது.

ஆயின் எல்லா ஆசிரியர் குறிப்பும் தீதோவெனின், அன்று. ஒரே கட்டுரையைச் சிறிது திரித்துப் பல தளங்களில் இட்டு, ‘தாம்பரத்தில் மலிவான வீட்டுமனை’ என்றாற்போலும் தேடற்சொற்களையே இணைப்பின் பெயராக்குதலும், விலைக்கு வாங்கிய இணைப்பை மறைத்தலுமே கூகிளின் விதிகளுக்கு மாறாவன. தன் பெயராலோ தளத்தின் பெயராலோ, பொருளொத்த தளத்தில், அளவாக இடும் இணைப்புத் தீங்கு பயவாது. அதனால் தரவரிசை பெரிதும் உயருமென எதிர்பார்த்தலும் வேண்டா. ஏரியைப்பற்றிப் படித்தவன் அவ்வழியே வந்து புதுத்தளத்தைக் காண்பதே அதன் மெய்ப்பயன்.

இனித் தன் தளத்தினுள்ளேயே இடும் ஆசிரியர் குறிப்பை நோக்குவோம். 2011-இல் கூகிள் ஆசிரியர் பெயரையும் படத்தையும் தேடல் முடிவில் காட்டத் தொடங்கி, 2014-இல் அம்முறையைக் கைவிட்டது. பின்னர், பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவார்க்குரிய கையேட்டில் துறையறிவு, மதிப்பு, நம்பகம் என்பவற்றோடு 2022-இல் பட்டறிவையும் சேர்த்தது. அம்மதிப்பீடு தரவரிசையை நேரே மாற்றுவதன்று. எனினும் எழுதினான் யாவன், எவ்வாறு அறிந்தான் எனப் படிப்போன் வினவுதல் இயல்பே. நன்னூலாரும் தற்புகழ்ச்சி தகும் இடம் நான்கனுள், தன் ஆற்றலை உணராதார் முன்னிலையை ஒன்றாக வைத்தார். புதிய தளத்தின் நிலை அதுவேயன்றோ?

நம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் தம் தனிப்பாசுரத்தொகையைப் பரிதிமாற்கலைஞர் என்னும் புனைபெயரால் வெளியிட்டார். பெயர் நோக்காது பாட்டின் தகுதி நோக்கி உலகம் மதிப்பதைக் காண விரும்பியே அங்ஙனம் செய்தார் என்பர். அந்நூற் பாக்கள் சிலவற்றை ஜி. யு. போப்பையர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பெயரை மறைத்தும் பாட்டுத் தானே தன் சான்றாயிற்று.

இதற்கு மறுதலையான ஒன்றைக் கூறி முடிப்போம். விற்பனைக்குரிய இணைப்புகளைச் சுமக்கக் கட்டுரைகள் வேண்டும். எழுதத்தெரிந்த மாணவர் அதற்கு எளிதிற் கிடைக்கும் கையாட்கள். இல்லாத மருத்துவர் பெயராலோ பொறியாளர் பெயராலோ ஆசிரியர் குறிப்புப் புனைந்து தருமாறு கேட்பாரும் உளராகலாம். சாஸ்திரியார் தம் உண்மைத் தகுதியை மறைத்தார்; இஃதோ இல்லாத தகுதியை உள்ளதாகக் காட்டுதல். தரவரிசையின் ஏற்றத்தாழ்வு இருக்க, அதனை நம்பி மருந்துண்பான் ஒருவனுக்கு நேரும் கேட்டை எண்ணின், அக்கூலி பெறத்தக்கதன்று.

ஆகவே புதுத்தளம் தொடங்கும் நண்பர்காள்! உம் பெயரை மெய்யாக எழுதுமின். நீர் கண்டறிந்ததைக் கூறுமின். இணைப்பு ஒன்றே போதும். ஏரிக்கரையில் நடந்து, கண்டவாறே எழுதுமின். அவ்வெழுத்துக்குப் பாயிரம் பாடப் பனம்பாரனார் ஒருவர் எங்கேனும் தோன்றுவர்.