குளக்கரைப் பாதையும் ஈமானின் கிளையும்

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. அவற்றுள் தலையாயது திருக்கலிமா, கடைசிப் படியில் உள்ளது பாதையில் கிடந்து நோவினை தரும் பொருளை அகற்றுவது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். கடைசிப் படி என்றவுடன் அதை அற்பமானதென்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஏணியில் ஏறுகிறவன் முதலில் கால் வைப்பது அந்தப் படியில்தானே!

அபூபர்ஸா (ரலி) அவர்கள், தமக்குப் பயன் தரக்கூடிய ஒன்றைக் கற்றுத் தருமாறு கேட்டபோது, முஸ்லிம்களின் பாதையிலிருந்து நோவினை தருவதை அகற்றும்படிதான் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். வழியில் கிடந்த முட்கிளை ஒன்றை ஒதுக்கிப் போட்ட மனிதரின் செயலை அல்லாஹ் ஏற்று அவரை மன்னித்தான் என்ற செய்தியும் ஸஹீஹான நூல்களில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீதுகளைப் புத்தகத்தோடு மூடி வைத்துவிடாமல், இம்மாதம் ஒரு குளத்தின் கரைக்கு எடுத்துச் சென்று பார்ப்போம்.

கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளம் என்றால் அறியாதவர் இல்லை. முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த நீர்நிலை. வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல் ஆற்றின் நீரை, அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால்கள் வழியே திருப்பி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி முன்னோர் அமைத்த குளங்களின் வரிசையில் இதுவும் ஒன்று. இதன் உபரிநீர் வாலாங்குளத்துக்குச் செல்கிறது. சுற்றிலும் நம் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள். 2016 ஜனவரியில் சீர்மிகு நகரத் திட்டத்தின் முதற்பட்டியலில் கோவை இடம் பெற்ற பிறகு, இக்குளத்தின் கரையிலும் வேறு சில குளங்களின் கரைகளிலும் நடைபாதைகள் எழும்பின. பஜ்ருத் தொழுகை முடிந்ததும் அங்கே நடக்கப் போகும் பெரியவர்களும், அஸருக்குப் பின் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தாய்மார்களும் பெருகியிருக்கிறார்கள்.

மலஜலம் கழிப்பதன் ஒழுக்கங்களைக் கூறும் பாடத்தில், சாபத்துக்குக் காரணமாகும் மூன்று இடங்களை அஞ்சிக்கொள்ளுமாறு வரும் ஹதீதை நாம் படித்திருக்கிறோம். மக்கள் நீருக்கு வரும் துறை, மக்கள் நடக்கும் வழி, மக்கள் ஒதுங்கும் நிழல் ஆகியவையே அம்மூன்றும். முஆத் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வருவது இது. வழியையும் நிழலையும் மட்டும் கூறும் அறிவிப்பு முஸ்லிமில் உள்ளது. சற்றே சிந்தியுங்கள். குளக்கரை நடைபாதை என்பது என்ன? அது வழி, அதன் ஓரத்து மரம் நிழல், அதன் காலடியில் கிடப்பது நீர். மூன்றும் ஓரிடத்தில் கூடிய தலம்! ஊருக்குள் ஒரு சந்தில் அசுத்தம் செய்பவன் ஒன்றைக் கெடுக்கிறான். இங்கே செய்பவன் மூன்றையும் ஒருசேரக் கெடுக்கிறான். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கும் ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் தனியாகவே வந்துள்ளது. ஒரு மனிதனின் சிறுநீருக்கே அத்தடை என்றால், ஒரு பகுதியின் சாக்கடையைக் குழாய் வைத்துக் குளத்தில் இறக்குவதை என்னவென்று சொல்வது?

இங்கே ஒரு பிக்ஹு மஸ்அலாவையும் நினைவூட்ட வேண்டும். நீர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நஜீஸ் கலந்து அதன் நிறமோ, சுவையோ, வாடையோ மாறிவிட்டால் அதில் ஒளூ கூடாது. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பாசியாலோ, சேற்றாலோ, நெடுநாள் தேங்கியதாலோ மாறிய நீர் கெடாது என்று அதே நூல்கள் விளக்குகின்றன. பசுமை படர்ந்த குளத்தைக் கண்டதும் முகம் சுளிக்கிறோமே, அந்தப் பசுமையல்ல குற்றவாளி; அதற்குத் தீனி போட்ட சாக்கடையே குற்றவாளி. சாக்கடையிலும் சோப்புத் தூளிலும் உள்ள சத்துகள் நீரில் மிகும்போது பாசி கட்டுக்கடங்காமல் வளர்கிறது. இரவில் வெளிச்சமின்றி அது நீரிலுள்ள பிராணவாயுவைக் குடிக்கிறது. செத்து அழுகும்போது இன்னும் குடிக்கிறது. மீன்கள் பெரும்பாலும் விடியலில் செத்து மிதப்பது இதனால்தான். முந்நூறு ஏக்கர் நீர் கண்முன் கிடக்க, ஒளூச் செய்ய ஒரு கை நீர் அள்ள முடியாத நிலை ஓர் ஊருக்கு வரலாமா?

வரக்கூடாது என்று துணிந்து இறங்கியவர்களும் கோவையில் இருக்கிறார்கள். 2003இல் தோன்றிய சிறுதுளி அமைப்பு நீர்நிலைகளுக்காகப் பாடுபட்டு வருகிறது. 2013இல் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது பொதுமக்கள் திரண்டு தூர்வாரும் பணியில் கைகொடுத்தார்கள். 2017 முதல் கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடி, பேரூர் பெரியகுளம், வெள்ளலூர் குளம் ஆகியவற்றில் குப்பை பொறுக்கி, முட்செடிகளை அகற்றி, வாய்க்காலைச் சீர்செய்து, மரங்கள் வளர்த்தார்கள். எல்லாச் சமயத்தாரும் கலந்த கூட்டம் அது. ஊரார் அனைவரும் நடக்கும் வழியில் கிடக்கும் முள், யார் காலில் குத்தும் என்று பார்த்தா கிடக்கிறது? அதை எடுப்பவரும் பார்க்க வேண்டியதில்லை.

இப்பணியின் சிறப்பு ஞாயிறு 'தோறும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. குறைவாயினும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகைப்படத்துக்குப் பிடித்த துடைப்பத்தை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். அடுத்த வாரம் அந்தத் துடைப்பமும் இல்லை, பிடித்தவரும் இல்லை.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நோவினையை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், எது நோவினை என்று அறிவதும் கடமையல்லவா? இதை அறியாமல் இறங்கும் தொண்டர்கள், நல்லெண்ணத்தோடு கெடுதல் செய்துவிடுகிறார்கள்.

உதாரணமாக, கரையோரம் வளரும் கோரையையும் சம்பையும் புதரென்று வெட்டிச் சாய்க்கிறார்கள். பார்வைக்குத் துப்புரவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோரையின் வேர்தான் கரை மண்ணைப் பிடித்து நிற்கிறது; ஓடிவரும் அழுக்கு நீரைத் தடுத்து வடிகட்டுகிறது; தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கூடு கட்டுவது அதன் மறைவில்தான். அது நோவினையன்று, காவல். மறுபுறம், ஊதாப் பூக்களோடு அழகாக மிதக்கும் ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. உரமேறிய நீரில் இரண்டு வாரங்களில் இரண்டு மடங்காகிவிடும். நீரை மூடி ஒளியையும் காற்றையும் தடுக்கும் அதுவே நோவினை. அதைப் பிடுங்கிக் கரையிலேயே போட்டுவிட்டால், அடுத்த மழை அதைத் திரும்பக் குளத்துக்கே கொண்டு போகும். தூரமாக எடுத்துச் சென்று காயவிட வேண்டும். ஆலைக் கழிவு கலக்கும் குளமாயின், நீரிலுள்ள உலோக நஞ்சை அச்செடி உறிஞ்சி வைத்திருக்கும். அதை மாட்டுக்குத் தீனியாகவோ காய்கறிக்கு எருவாகவோ கொடுப்பது தகாது.

நடைபாதைக்காகக் கரையைச் செங்குத்தாகக் கான்கிரீட்டால் கட்டியதைப் பறவை ஆர்வலர்கள் குறை கூறினார்கள். அவர்கள் கூற்றில் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். நீர்ப்பறவைகளில் பல, ஆழமற்ற சேற்றில் நடந்து இரை தேடுபவை. சரிவான மண்கரை போய்விட்டால் அவற்றின் உணவுத் தட்டே போய்விடுகிறது. மனிதன் நடக்கப் பாதை வேண்டியதுதான். பறவை நடக்கவும் சிறிது இடம் விட்டிருக்கலாம். எஞ்சியுள்ள மண்கரைகளையாவது தொண்டர்கள் கண்போல் காக்க வேண்டும்.

ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கிடையே, கல்லைப் போன்ற நிறத்தில் முட்டையிடும். குப்பை பொறுக்கப் போகிறவரின் கால் அதன்மேல் பட்டால் போயிற்று. அது தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், 'இங்கே என் முட்டை இருக்கிறது' என்று பொருள். விலகிப் போய்விட வேண்டும். ஒரு பிரயாணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்து வந்துவிட, தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, அதன் குஞ்சுகளை அதனிடமே சேர்க்கும்படி ஆணையிட்டார்கள். அபூதாவூதில் வரும் இந்நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குக் குளக்கரையிலேயே வைத்துச் சொல்லுங்கள். வீட்டில் சொல்வதைவிட நன்றாகப் பதியும். பறவைகளுக்கு ரொட்டித் துண்டு எறிவதையும் தருமமென்று நினைக்கிறார்கள். தின்னாது மூழ்கிய ரொட்டி அழுகி நீரைக் கெடுக்கும். பறவைகளும் மீனும் புழுவும் தேடும் வழக்கத்தை விடும். அவற்றுக்கு நம் ரொட்டி வேண்டாம். சுத்தமான நீர் போதும்.

மரம் நடுவதிலும் நிதானம் வேண்டும். முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, விலங்கோ உண்பதெல்லாம் அவருக்கு ஸதக்காவாகும் என்பது அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது. நாவல், புங்கன், அத்தி, நீர்மருது ஆகியவை நம் மண்ணுக்கு ஏற்றவை. ஆனால் மண்கரையின் உச்சியில் பெருமரம் வைத்தால், அதன் வேர் பட்டுப்போன பின் அந்த ஓட்டை வழியே நீர் கசிந்து கரையை அரிக்கக்கூடும். எங்கே வைக்கலாம் என்பதை மாநகராட்சிப் பொறியாளரிடம் கேட்ட பின்னரே குழி தோண்டுங்கள். நட்டதோடு முடிவதுமில்லை, இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

மஹல்லா இளைஞர்கள் இப்பணியைத் தொடங்குவதானால் கையுறையும் காலணியும் இன்றி இறங்கக் கூடாது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் கிடக்கும். காலில் புண் உள்ளவர் அழுக்கு நீரில் நின்றால் எலிக்காய்ச்சல் வர வழியுண்டு. சிறுவர்களை நீருக்குள் இறக்கவே கூடாது. தூர்வாரிய குளத்தின் அடியில் பள்ளம் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சேர்த்த குப்பையை அங்கேயே கொளுத்துவது பெருந்தவறு. பிளாஸ்டிக் புகை, நடக்க வந்தவரின் நெஞ்சுக்குள் போகிறது; அதுவும் பாதையில் வைத்த நோவினைதான். மூட்டை கட்டும் முன் என்னென்ன வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தேநீர்க் குவளைகள் மிகுந்திருந்தால் அருகிலுள்ள கடைக்காரரிடம் போய்ப் பேசலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் குவளைகளும் பைகளும் அந்த மூட்டையில் இருந்தால், அதைச் சொல்ல உங்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது.

பாதையின் உரிமைகளில் பார்வையைத் தாழ்த்துவதும், சலாமுக்குப் பதில் உரைப்பதும் அடங்கும் என்று அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். குளக்கரை இருக்கைகளில் கூட்டமாக அமர்ந்து, போகிற வருகிற பெண்களை முறைத்துப் பார்க்கும் இளைஞர்களின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். உம்மாவும் சகோதரியும் அஞ்சாமல் நடக்க முடியாத பாதையில் எத்தனை குப்பை பொறுக்கினாலும் நோவினை அகலவில்லை என்றுதான் பொருள்.

இல்லத்தரசியருக்கும் ஒரு வேண்டுகோள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானியின் குடலும் தோல் கழிவும் எங்கே போகின்றன என்று வீட்டு ஆண்களைக் கேளுங்கள். இரவோடிரவாகக் குளக்கரையில் எறியும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்த வாடைக்கு நாய்கள் கூடும். கூடிய நாய்கள் அங்கேயே தங்கி, தரையில் முட்டையிடும் பறவைகளை அழிக்கும். காலையில் நடக்க வரும் முதியவரையும் துரத்தும். அறுக்கும் முன்பே குழி தோண்டி வைப்பதோ, மாநகராட்சி வண்டியில் ஒப்படைப்பதோ சிரமமான காரியமல்ல.

கையுறை, சாக்கு, மண்வெட்டி வாங்க ஜகாத்துப் பணத்தை எடுக்கலாமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். கூடாது. ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரைத் திருமறை எண்ணிக் கூறிவிட்டது. பாதை, பாலம், குளம் போன்ற பொதுப்பணிகள் அதில் சேரா என்பதே நான்கு மத்ஹபுகளிலும் பிரபலமான தீர்ப்பு. உபரியான ஸதக்காவிலிருந்து தாராளமாகச் செலவிடலாம். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மாதத்துத் தேநீர்ச் செலவுக்குள் அடங்கிவிடும்.