இணையவழித் தேர்வில் வினாக்களுக்கு மதிப்பெண் விதி அமைத்தல்

விடைத்தாளைக் கையால் திருத்தும் ஆசிரியர், ஒரு விடை முழுதும் சரியென்றோ, பாதி சரியென்றோ, வழி சரி, முடிவு தவறு என்றோ படிக்கும்போதே தீர்மானிக்கிறார். கணிப்பொறிக்கு அத்தகைய தீர்மானம் இல்லை. தேர்வு தொடங்குவதற்கு முன்னரே ஆசிரியர் எழுதிவைத்த விதி எதுவோ, அதனையே அது ஆயிரம் மாணவர்க்கும் ஒருபடித்தாகக் கையாளும். விதி பிழையாயின் பிழையும் ஆயிரம் பேருக்கும் ஒருபடித்தாகவே போய்ச் சேரும். ஆதலின் வினாவை அமைப்பதற்குச் செலவிடும் காலத்தில் ஒரு பங்கேனும் அதன் மதிப்பெண் விதிக்குச் செலவிடப்படல் வேண்டும். இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது மூடில் என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் உருவாக்கி 2002ஆம் ஆண்டில் முதற்பதிப்பை வெளியிட்ட இம்மென்பொருளைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம்.

மூடிலில் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு மொத்த மதிப்பெண் உண்டு. விடைகள் ஒவ்வொன்றுக்கும் அம்மொத்தத்தில் இத்தனை விழுக்காடு எனக் குறிக்கப்படும். சரியான விடைக்கு 100. தவறான விடைக்குச் சுழியமோ, சுழியத்திற்குக் கீழ்ப்பட்ட எண்ணோ இடலாம். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன.

முதலில், நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவை எடுத்துக்கொள்வோம். ஒன்றும் அறியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நான்கு வினாவுக்கு ஒன்று சராசரியாகச் சரியாகும். மீதி மூன்றிலும் சேர்ந்து அந்த ஒரு மதிப்பெண் கழிக்கப்பட்டால் ஊகத்தின் பயன் சுழியமாகும். அதாவது, ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு பங்கு கழித்தல் வேண்டும். தெரிவுகள் ஐந்தாயின் நான்கில் ஒரு பங்கு போதும். பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு இக்கணக்கையே பின்பற்றுகிறது: ஒரு மதிப்பெண் வினாவில் தவறுக்கு 1/3, இரண்டு மதிப்பெண் வினாவில் 2/3. ஜே.இ.இ. முதன்மைத் தேர்விலோ சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழிவு 1. தெரிவுகள் நான்கே ஆதலின், வெறும் ஊகத்திற்கும் வினா ஒன்றுக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண் மிஞ்சுகிறது. இதனைக் குறையெனக் கூறுவதற்கில்லை; ஒரு தெரிவையேனும் தவறென விலக்கத் தெரிந்தவரை அவ்விதி சற்றுத் தாராளமாக நடத்துகிறது. ஆயினும் கழிவு உண்டு என்பதனாலேயே ஊகம் தடுக்கப்பட்டது என்று ஆசிரியர் எண்ணிவிடலாகாது.

கிராமப் பயிற்சியின் முடிவில் நடத்தப்படும் சிறு தேர்வுக்குக் கழிவே வேண்டாம் என்று கொள்வதும் முறையே. அங்கு நோக்கம் கற்பித்தல். தரவரிசை இடுதல் அன்று.

ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள வினாவில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் நுண்ணுயிர்கள் எவை?' என்னும் வினாவுக்கு ரைசோபியம், அசோஸ்பைரில்லம், சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் என நான்கு தெரிவுகள் தரப்பட்டன என்க. முதலிரண்டே சரி, ஆதலின் ஒவ்வொன்றுக்கும் 50 விழுக்காடு. ஏனைய இரண்டுக்கும் சுழியம் என விட்டுவிட்டால் நேர்வது யாது? உயிருக்கும் உரத்துக்கும் வேறுபாடு அறியாமல் நான்கையும் குறித்தவர் முழு மதிப்பெண் பெறுவார்! புதிதாக வினா அமைப்போரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு இதுவே. தவறான தெரிவு ஒவ்வொன்றுக்கும் 50 விழுக்காடு கழிவு இட்டால் நான்கையும் குறித்தவருக்குச் சுழியமும், இரண்டு சரியும் ஒரு தவறும் குறித்தவருக்குப் பாதியும் கிடைக்கும். இவ்வகை வினாவில் கழிவு எவ்வளவாயினும் மூடில் சுழியத்திற்குக் கீழே இறங்குவதில்லை என்பதும் அறியத்தக்கது. ஜே.இ.இ. மேல்நிலைத் தேர்வு 2018இல் கடுமையான வேறொரு வழியைக் கையாண்டது: சரியான விடைகள் அனைத்தையும் குறித்தால் 4, சிலவற்றை மட்டும் பிழையின்றிக் குறித்தால் எண்ணிக்கைக்கேற்ப 3, 2, 1, தவறான ஒன்று கலந்தாலும் கழிவு 2. கேட் தேர்வில் 2021 முதல் இடம்பெறும் இத்தகைய வினாக்களுக்குப் பகுதி மதிப்பெண்ணும் இல்லை, கழிவும் இல்லை.

இனி, எண்ணை விடையாக எழுதும் வினா. களப்பணியாளர்க்கு இதுவே மிக நெருக்கமானது. ஓர் எக்டேருக்கு 120 கிலோ நைட்ரஜன் தேவை. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. யூரியா எத்தனை கிலோ? விடை 260.87. ஒருவர் 261 என்பார், மற்றொருவர் 260.9 என்பார், வேறொருவர் 260 என்று நிறுத்துவார். மூவரும் கணக்கை அறிந்தவர்களே. விடைக்கு இருபுறமும் ஏற்கத்தக்க பிழை எல்லை 1 கிலோ எனக் குறித்தால் மூவரும் மதிப்பெண் பெறுவர். எல்லை எதுவும் இடாமல் 260.87 என்று மட்டும் எழுதிவைத்தால் மூவரும் தோற்பர். 45 கிலோ மூட்டைகளாக வாங்கும் உழவருக்கு மூவர் கணக்கும் ஆறு மூட்டை என்றே முடியும். அங்கு இல்லாத வேறுபாட்டைத் தேர்வில் உண்டாக்குவது முறையன்று.

எல்லையை விரித்துக்கொண்டே போவதும் ஆகாது. மூட்டையின் எடையாகிய 45ஐ விழுக்காடு என மயங்கியவர் 266.67 என்னும் விடையைப் பெறுவார். ஏறத்தாழச் சரியான விடைக்குப் பாதி மதிப்பெண் தரக் கருதி 5 கிலோ எல்லையில் இரண்டாவது விடை ஒன்றைச் சேர்த்தால் இவர் வெளியே நிற்பார். 6 கிலோ எனில் உள்ளே வந்துவிடுவார். ஆகவே மாணவர் செய்யக்கூடிய தவறுகளை முன்னதாகத் தாமே கணக்கிட்டு, அவை எல்லைக்கு வெளியே விழுகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். குறுகிய எல்லையை முதலிலும் அகன்றதை அடுத்தும் எழுதுக. மென்பொருள் வரிசைப்படி பார்த்து முதலிற் பொருந்துவதையே கொள்ளும். வகுப்பதற்குப் பதில் பெருக்கியவர் 55.2 என எழுதுவார். அவ்வெண்ணையும் சுழிய மதிப்பெண்ணுடன் விடையாகச் சேர்த்து, அவருக்குரிய விளக்கத்தை எதிரில் எழுதிவைக்கலாம்.

சொல்லை விடையாகக் கேட்கும் வினாவில் தமிழாசிரியர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நைட்ரஜன், நைதரசன், நைட்ரசன், தழைச்சத்து என ஒரு பொருளைப் பலவாறு எழுதுவோர் நம்மிடையே உளர். அனைத்தையும் 100 விழுக்காட்டுடன் சேர்க்காவிடில் அறிவு இருந்தும் எழுத்தால் இழப்பு நேரும்.

தவறியவர் மீண்டும் முயலலாம் என்னும் அமைப்பில் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் ஒரு கழிவு உண்டு. மாற்றாவிடில் மூடில் மூன்றில் ஒரு பங்கைக் கொள்கிறது. சரியா, தவறா என்னும் வினாவில் மட்டும் கழிவு முழுமையாகும். முதல் விடை தவறென்று தெரிந்தபின் இரண்டாவதை அறியக் கல்வி எதற்கு?

விடையோடு தம் உறுதியையும் மாணவர் குறிக்கும் முறை ஒன்று தனித்துச் சிந்திக்கத்தக்கது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டோனி கார்ட்னர்-மெட்வின் வளர்த்த இம்முறை மூடிலிலும் உண்டு. குறைந்த உறுதியெனில் சரிக்கு 1, தவறுக்குச் சுழியம். நடுத்தர உறுதியெனில் சரிக்கு 2, தவறுக்குக் கழிவு 2. முழு உறுதியெனில் சரிக்கு 3, தவறுக்குக் கழிவு 6. கணக்கிட்டுப் பார்த்தால், சரியாக இருக்கும் வாய்ப்பு ஐந்தில் நான்கு பங்கைக் கடந்தவர்க்கே முழு உறுதி இலாபம் தரும். மூன்றில் இரண்டுக்குக் குறைந்தவர் முதல் நிலையோடு நிற்பதே நன்று. பூச்சி மருந்தின் அளவை அறியாத பணியாளர் நூலைப் பார்ப்பார். தவறாக அறிந்து உறுதியோடு கூறுபவரால்தான் வயலுக்குத் தீங்கு. அவ்விருவரையும் சாதாரணத் தேர்வு பிரித்துக் காட்டாது, இம்முறை காட்டும்.

எவ்வளவு கவனித்தும் விடைக்குறிப்பில் பிழை நேரலாம். திருத்திய வினாவைச் சேமித்ததனால் மட்டும் ஏற்கெனவே எழுதியோரின் மதிப்பெண் மாறிவிடாது. மறுமதிப்பீடு என்னும் கட்டளை தரப்படல் வேண்டும். சேமியாமல் விளைவை மட்டும் காட்டும் சோதனை ஓட்டமும் உண்டு; முதலில் அதனைச் செய்து, எவர் மதிப்பெண் ஏறுகிறது, எவரது இறங்குகிறது எனப் பார்ப்பது நலம்.

வினாவே பிழையாயின் வழி இரண்டு. கேட் தேர்வின் விடைக்குறிப்பில் அத்தகைய வினாவுக்கு 'அனைவர்க்கும் மதிப்பெண்' எனக் குறிக்கப்படுவதுண்டு. மற்றொரு வழி, அவ்வினாவின் மதிப்பெண்ணைச் சுழியமாக்கி மொத்தத்திலிருந்து நீக்குவது. இரண்டும் ஒன்றல்ல. இருபது வினாத் தேர்வில் ஒன்று பிழை. எஞ்சிய பத்தொன்பதில் ஒருவர் பத்தைச் சரியாக எழுதினார். கழிவு இல்லை எனக் கொள்க. அனைவர்க்கும் தந்தால் அவர் பெறுவது இருபதுக்குப் பதினொன்று, 55 விழுக்காடு. நீக்கினால் பத்தொன்பதுக்குப் பத்து, 52.6. தேர்ச்சி எல்லை 55 எனில் முதல் வழியில் அவர் தேறினார், இரண்டாவதில் தேறவில்லை. எவ்வழி கொள்ளப்படும் என்பதைத் தேர்வின் அறிவுரைப் பக்கத்திலேயே முன்னதாக எழுதிவிடல் வேண்டும். பெயர்களைப் பார்த்த பின்னர் முடிவு செய்வது எவ்விதத்திலும் பொருந்தாது.