காற்றைப் பார்த்துத் தேதி வை

சுவாமிமலை

அன்புள்ள சின்னவனுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பெரியம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். டிசம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறை, அங்கே ஒரு பாய்மரப் படகை வாடகைக்குப் பிடித்து யாழ்ப்பாணத் தீவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறாய். எல்லாரும் மாலத்தீவு, தாய்லாந்து என்று ஓடுகிற காலத்தில் நம் கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளை நீ நினைத்தாயே, அது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் தேதி சரியில்லை.

ஆபீஸ் லீவைப் பார்த்துத் தேதி வைத்திருக்கிறாய். கடலுக்குக் காற்றைப் பார்த்துத்தான் தேதி வைக்க வேண்டும். நம் சம்பாவுக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாக் நீரிணையைக் கலக்குகிறது. அங்கே ஆழம் குறைவு. ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று வலுத்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, இடைவெளி விடாமல் வரும். சின்னப் படகு ஒரு அலையிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்து விழும். தனுஷ்கோடி புயலில் அழிந்தது 1964 டிசம்பரில். டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா புயல் கரையேறியது 2018 நவம்பர் 16 அன்று.

கப்பல் ஓடிய கதையையே பார். 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். மழைக்காலம் வந்துவிட்டது என்று ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பல் ஓடத் தொடங்கியது. நவம்பரில் அதுவும் நின்று, 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கிளம்பியது. கப்பலே ஒதுங்குகிற மாதத்தில் பாய்மரப் படகுக்கு என்ன வேலை? பாம்பன் மீனவர்கள் வருஷத்தையே காற்றால் பிரித்து வைத்திருக்கிறார்கள். வாடை என்கிற வடகிழக்குக் காற்று வீசினால் தென்கடலில் மீன்பிடிப்பு, கச்சான் என்கிற மேல்காற்று வீசினால் வடகடலில். காலம் பார்ப்பது நமக்கும் புதிதல்ல. நம் சிலை வார்க்கும் பட்டறையில் காவிரி வண்டல் பூசிய அச்சு நிழலில் நன்றாகக் காயாமல் யாராவது உலோகம் ஊற்றுகிறார்களா? அவசரப்பட்டு ஊற்றினால் அச்சு வெடித்துவிடும். அதனால் பிப்ரவரி கடைசி, அல்லது மார்ச் என்று வை. அப்போது வாடை ஓய்ந்திருக்கும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்றும் எழும்பியிருக்காது.

நீயே படகோட்டிக் கடலைக் கடக்கிற எண்ணம் ஏதாவது இருந்தால் அடியோடு விடு. 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. அதைத் தாண்டினார்கள் என்று நம் மீனவர்கள் எத்தனை பேர் இலங்கைச் சிறையில் கிடந்திருக்கிறார்கள்! பாஸ்போர்ட்டோடு, இணையத்தில் முன்கூட்டியே வாங்கிய பயண அனுமதியையும் வைத்துக்கொண்டு முறையாகக் கப்பலில் போ. சுமார் 4 மணி நேரப் பயணம். திரும்பும் கப்பல் நின்றுபோனால் யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பிடிக்கவும் கையில் பணம் ஒதுக்கி வை.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் போ. வழியில் சில இடங்களில் கடலுக்கு நடுவே போட்ட ரோடுதான், ஜன்னலோரம் உட்கார். அங்கிருந்து நயினாதீவு கொஞ்ச நேரம்தான். நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் அந்தச் சின்னத் தீவிலேயே இருக்கின்றன. ஆனி மாதத் திருவிழாவில் படகில் கால் வைக்க இடம் இருக்காது.

அதே துறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குத் தனியாக ஒரு நாள் கொடு, இரவு தங்கினால் இன்னும் நல்லது. வீட்டு வேலிகளெல்லாம் பவளக்கல். சாந்து கிடையாது, கல்மேல் கல் அடுக்கியே இடுப்பளவு உயர்த்தியிருக்கிறார்கள். அந்த வேலிகளுக்கு அப்பால் குதிரைகள் தம் பாட்டுக்கு மேயும். ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வம்சம். போட்டோவுக்காக அவற்றை விரட்டாதே. பெருக்கு மரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும் பார். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடான ஊர். குடிக்கிற தண்ணீரைக் கூடவே கொண்டு போ.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போ. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில், பயணிகளை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். அந்தத் தீவில் அதை மறந்தவர்கள் இல்லை. நீ ஏறப்போவது வாத்தியாரும் நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் போய்வருகிற படகு. அவர்களுக்கு இடம் விட்டு உட்கார். சத்தமாகப் பாட்டுப் போடாதே.

பாய்மரத்தின் மேல் உனக்கு ஆசை என்றால் முதலில் படித்துக்கொள். சென்னைத் துறைமுகத்தில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. அங்கே போய் விசாரி. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது போய், கரையில் நின்று படகோட்டிகள் பாயைத் திருப்புவதைக் கவனி. வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல், நம் தமிழ் மாலுமிகளோடு பாய் விரித்துப் போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. தலைமுறை தலைமுறையாகக் காற்றைப் படித்தவர்கள் அவர்கள். நீ இந்த முறை ஓட்டத் தெரிந்த உள்ளூர்க்காரரோடு மட்டும் ஏறு. அவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பணம் கூடத் தருகிறேன் என்று பேரம் பேசாதே.

திரும்பி வந்து மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் இறங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை விடுகிற இடத்துக்கு, விடுகிற நாளில் மட்டும் போ.

லீவை மார்ச்சுக்கு மாற்றக் கேட்டு இந்த வாரமே எழுதிக் கொடு. கப்பல் ஓடும் நாட்களை விசாரித்த பிறகு டிக்கெட் எடு. முதல் நாளே இங்கு வந்துவிடு; கும்பகோணம், திருவாரூர் வழியாக நானே உன்னை நாகைக்குக் கூட்டிப்போய்க் கப்பலேற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா