மைதானத்தில் நிற்கும் ஆசிரியர்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் தொழிற்புரட்சிப் பாடம் நடத்தும்போது, ஆலைகளில் வேலை செய்த சிறுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் மாணவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. ராஜபாளையம் பஞ்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் பெற்றோர், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் குடும்பங்கள். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் தூங்கிக்கொண்டிருக்க, பையன் தானாகவே கிளம்பிப் பள்ளிக்கு வந்துவிடுவான். இந்தப் பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடியபோதுதான், இத்தாலியின் டூரின் நகரில் ஆண் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்திய கத்தோலிக்கக் குரு டான் போஸ்கோவைப் பற்றி விரிவாகப் படித்தேன். பாடத்துக்காகப் படித்தது என் விளையாட்டுப் பாடவேளையை மாற்றிவிட்டது. அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சுவரில் இருந்த சமத்துவம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் ஆண்கள் பள்ளியில் பணியாற்றுகிறேன். என் வகுப்பறைச் சுவரில் உண்மை, ஒற்றுமை, சமத்துவம் என்று வண்ணத்தாளில் வெட்டி ஒட்டியிருந்தோம். காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழியும் தவறாமல் நடக்கும்.

ஒரு மாணவன் மட்டும் வியாழக்கிழமைதோறும் வராமல் இருந்தான். வயிற்றுவலி, காய்ச்சல், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று வாரத்துக்கு ஒரு காரணம். வருகைப் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை எங்களுக்கு விளையாட்டுப் பாடவேளை. தனியாக அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கபடியில என் கையை யாரும் பிடிக்க மாட்டாங்க சார்" என்றான்.

கபடி தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பாடி வருபவனை மடக்கக் கைகோத்துச் சங்கிலியாக நிற்க வேண்டும். கை கொடுக்க ஆளில்லாதவன் அந்த ஆட்டத்தில் இல்லாதவன். என் வகுப்பில் அணிகள் தெருவாரியாகப் பிரிந்திருந்தன. தெரு என்றால் எது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. மைதானத்தில் ஒரே நேரத்தில் மூன்று வகுப்புகள், பார்த்துக்கொள்ள ஒரே உடற்கல்வி ஆசிரியர். நான் ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது.

டூரின் நகரத்துப் பிள்ளைகள்

டான் போஸ்கோ 1815இல் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1841இல் குருவானவர், டூரின் நகரத்தில் கண்டது வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்து குவிந்த சிறுவர்களை. கட்டட வேலை, புகைபோக்கி துடைக்கும் வேலை. வேலை இல்லாத நாளில் தெரு. சிறைக்குப் போனபோது அங்கேயும் சிறுவர்களையே பார்த்தார். வெளியில் இவர்களுக்கென்று ஒருவர் இருந்திருந்தால் உள்ளே வந்திருக்க மாட்டார்களே என்ற எண்ணம்தான் அவருடைய கல்விமுறையின் தொடக்கம்.

1846இல் வால்டோக்கோ என்ற இடத்தில் ஒரு கொட்டகை கிடைத்தது. அவருடைய தாய் மார்கரீத்தா கிராமத்து வீட்டை விட்டு வந்து பிள்ளைகளுக்குச் சமைத்தார், கிழிந்த துணிகளைத் தைத்துக் கொடுத்தார். தொழில் பழகப் போகும் சிறுவர்களுக்காக 1850களின் தொடக்கத்திலேயே டான் போஸ்கோ முதலாளிகளிடம் எழுத்து ஒப்பந்தம் வாங்கினார். பையனை அடிக்கக் கூடாது, சொல்லால்தான் திருத்த வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. விடுமுறை தர வேண்டும். இப்படிப்பட்ட நிபந்தனைகள் அதில் இருந்தன.

தன் முறையை 1877இல் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். தவறு நடந்த பிறகு தண்டிப்பது ஒரு வழி. தவறு நடக்காதபடி பிள்ளைகளோடு கூடவே இருப்பது இன்னொரு வழி. அவர் தேர்ந்தது இரண்டாவதை. வகுப்பறையைப் போலவே மைதானமும் ஆசிரியர் இருக்க வேண்டிய இடம் என்றார். அது காவல்காரனைப் போல நிற்பது அல்ல. ஆட்டத்தில் கலந்து, பேச்சில் கலந்து, பிள்ளைகள் நம்பி அணுகும் ஒருவராக இருப்பது. இதை 'உடனிருப்பு' என்று சொல்லலாம்.

அவர் தொடங்கிய சலேசிய சபையினர் இந்தியாவில் முதலில் காலூன்றியது நம் தமிழ்நாட்டில்தான். மயிலாப்பூர் ஆயரின் அழைப்பை ஏற்று 1906இல் தஞ்சாவூருக்கு வந்து ஆதரவற்ற பிள்ளைகளுக்காகப் பணியைத் தொடங்கினார்கள். பிறகு சென்னை, திருப்பத்தூர் என்று அவர்களுடைய கல்வி நிலையங்கள் பரவின.

1884இல் ஒரு கடிதம்

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அவருடைய வெற்றிக்கதை அல்ல. 1884 மே மாதம் ரோமிலிருந்து அவர் தன் வால்டோக்கோ பள்ளிக்கு எழுதிய கடிதம்தான். அதை ஒரு கனவுக் காட்சிபோல எழுதியிருக்கிறார். பழைய நாட்களின் மைதானம் முதலில் தெரிகிறது. ஓட்டமும் சிரிப்புமாகப் பிள்ளைகள், நடுவில் ஆசிரியர்கள். அடுத்து இன்றைய மைதானம். தூணில் சாய்ந்து நிற்கும் பிள்ளைகள், ஒதுங்கி முணுமுணுக்கும் சிறு கூட்டங்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் தங்களுக்குள் பேசியபடி நடந்துகொண்டிருக்கிறார்கள்.

பள்ளி அதேதான். செபமும் விதிகளும் அப்படியே இருந்தன. பிள்ளைகளின் நம்பிக்கை மட்டும் போய்விட்டது. காரணமாக அவர் சொல்வது, ஆசிரியர்கள் மைதானத்தை விட்டு விலகியதைத்தான். பிள்ளைகள் மேல் அன்பு இருந்தால் போதாது, அந்த அன்பு அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். நிறுவியவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய சொந்தப் பள்ளியிலேயே இது நடந்திருக்கிறது என்றால், வண்ணத்தாள் ஒட்டிய என் வகுப்பறைக்கு என்ன உத்தரவாதம்?

நாங்கள் செய்து பார்த்தவை

முதலாவது, வியாழக்கிழமை மைதானத்துக்குப் போனேன். அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். முதல் வாரம் நான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் பையன்கள் பழைய அணிகளுக்கு மாறியிருந்தார்கள். அடுத்த வாரம் நகரவில்லை. ஒருவன் சங்கிலியில் கை கோக்காமல் சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். நான் திட்டவில்லை. ஆட்டத்தில் இறங்கி, அந்த இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். நாற்பது வயதைத் தாண்டிய சார் கபடியில் விழுந்து எழுந்ததைப் பார்த்து மைதானமே சிரித்தது. சில வாரங்களில் என் இடம் தேவைப்படவில்லை.

இரண்டாவது, கடைசி மணிக்கு முன் இரண்டு நிமிடப் பேச்சு. டான் போஸ்கோ பள்ளிகளில் இரவு தூங்கப் போகும் முன் பிள்ளைகளுக்கு இப்படிச் சுருக்கமாகப் பேசும் வழக்கம் உண்டு. அன்று நடந்த நல்ல செயல் ஒன்றை, பெயர் சொல்லாமல் சொல்வேன். யாரைச் சொல்கிறேன் என்பது செய்தவனுக்குத் தெரியும்.

மூன்றாவது, காதோடு ஒரு சொல். திருத்த வேண்டியதை வகுப்பின் நடுவில் சொல்லாமல், நடைபாதையில் தோளோடு தோள் நடந்து ஒரே வாக்கியத்தில் சொல்வது. இதற்கு எனக்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

எதிர்ப்பும் வந்தது. ஒரு மாணவனின் தாத்தா பள்ளிக்கு வந்து, "யாரோட யார் விளையாடணும்னு நீங்க எதுக்கு சார் தீர்மானிக்கிறீங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியர் கால அட்டவணையை எடுத்துக் காட்டினார். "இதுவும் பாடவேளைதான் ஐயா. வகுப்புல எல்லாரும் ஒண்ணா உட்கார்ற மாதிரிதான் இதுவும்" என்றார். பெரியவர் சமாதானமாகிப் போனார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேரனை நிறுத்தவில்லை.

நமக்குப் பொருந்துவது எது?

டான் போஸ்கோ தன் முறைக்கு மூன்று தூண்கள் வைத்தார்: நியாயத்தை எடுத்துச் சொல்லுதல், சமயம், கனிவு. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனைக்கு இடமில்லை என்கிறது நம் அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் உறுப்பு. அந்த இடத்தில் நமக்கு வேறொரு பொது உடைமை இருக்கிறது. முகப்புரையில் உள்ள சகோதரத்துவமும், தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவானவை. அடிக்காமல் திருத்துவது இன்று சட்டமும்கூட. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டதை நாம் மறக்க முடியாது. அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு கண்ணுக்குத் தெரியும், கழற்றச் சொல்லலாம். கபடியில் நீளாத கை, அருகில் நிற்கும் ஆசிரியருக்கு மட்டுமே தெரியும்.

மைதானம், சைக்கிள் நிறுத்துமிடம், குடிநீர்க் குழாய், சத்துணவு வரிசை, பேருந்து நிறுத்தம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பது தெரியவரும் இடங்கள் இவை. எல்லா இடத்திலும் எல்லா நேரமும் நம்மால் நிற்க முடியாது. நம்மிடம் பணிச்சுமை அதிகம் என்பதும் உண்மை. வாரத்தில் ஒரு பாடவேளை, ஓர் இடம் என்று ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் இப்போது நான்கு பேர் அப்படிச் செய்கிறோம்.

அந்த மாணவன் இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறான். கபடியில் அவன் பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை. போன வாரம் பாடப் போய் முதல் மூச்சிலேயே பிடிபட்டான். மேலே விழுந்து அமுக்கியவர்களில், முன்பு சட்டை நுனியைப் பிடித்தவனும் இருந்தான். நோட்டுகளை நான் இப்போது வீட்டில் திருத்துகிறேன்.