உயர்திறன் செயற்கைக்கோள்களும் ஊரக மருத்துவமும்

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள பொம்மசந்திரா ஒரு தொழிற்பேட்டைப் பகுதியாகும். செயற்கைக்கோள் தகவல்தொடர்பின் சமுதாயப் பயனை அறிய விழைவோர் இவ்வூரிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் தொலைமருத்துவ முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ், இங்குள்ள நாராயண ஹிருதயாலயா இதய மருத்துவமனையுடன் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையும், சரகூர் விவேகானந்தர் நினைவு மருத்துவமனையும் செயற்கைக்கோள் வழியே இணைக்கப்பட்டன.

மாரடைப்பு நேர்ந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதற் சில மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும். இதயநோய் வல்லுநர் இல்லாத ஊரில் அம்முடிவை எடுப்பது எளிதன்று. மின் இதய வரைபடத்தைத் தொலைவிலுள்ள வல்லுநர் உடனே காண முடிந்தால், உள்ளூர் மருத்துவரே துணிந்து சிகிச்சையைத் தொடங்கலாம். இத்திட்டத்தின் அடிப்படை இதுவே.

அகன்ற கற்றையின் குறைபாடு

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் உதவியால் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அளிக்கப்பட்டன. கர்நாடகமும் அவற்றுள் ஒன்று. ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்கு அனுப்ப அகன்ற கற்றை மிகவும் ஏற்றது. ஆனால், ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனிச் செய்தியைப் பரிமாறிக்கொள்ளும்போது நிலைமை மாறுகிறது. நாடு முழுவதையும் ஒரே கற்றை தழுவி நின்றால், சாமராஜநகருக்கு ஒதுக்கிய அதிர்வெண்ணை அதே வேளையில் வேறு ஊருக்குத் தர இயலாது. இதனால் அலைவரிசை அரிதாகிறது; அதன் விலையும் உயர்கிறது.

உயர்திறனின் அடிப்படை

உயர்திறன் செயற்கைக்கோள் நாட்டைப் பல சிறு வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு குறுங்கற்றையைச் செலுத்துகிறது. அடுத்தடுத்த வட்டங்களுக்கு வெவ்வேறு அதிர்வெண்களும், விலகியுள்ள வட்டங்களுக்கு மீண்டும் அதே அதிர்வெண்களும் தரப்படுகின்றன. சான்றாக, கிடைக்கும் அலைக்கற்றையை நான்கு பங்காக்கி 32 வட்டங்களுக்கு அளித்தால், ஒவ்வொரு பங்கும் எட்டு முறை பயன்படும். அலைக்கற்றை கூடாமலே அதன் பயன் எட்டு மடங்காகிறது.

5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11 2018 டிசம்பர் 5 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. இது பயனாளர்களுக்கென 32 குறுங்கற்றைகளையும், நிலையங்களுக்கென 8 கற்றைகளையும் கொண்டது. மொத்தத் திறன் வினாடிக்கு சுமார் 16 ஜிகாபிட். 2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-என்2 வினாடிக்கு 48 ஜிகாபிட் திறனுடையது. அதன் 32 கற்றைகளில் 8 வடகிழக்குப் பகுதிக்கும், 24 நாட்டின் பிற பகுதிகளுக்கும் உரியவை.

வரம்புகள்

இவ்வகைச் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் கேயு, கேஏ அலைகளை, குறிப்பாகக் கேஏ அலைகளை, கனமழை வலுவிழக்கச் செய்கிறது. பருவமழைக் காலத்தில் திறன் குறைவதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். மேலும், இவை நிலநடுக்கோட்டிற்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டிருப்பதால், கேள்வி சென்று மறுமொழி திரும்ப ஏறத்தாழ அரை வினாடி ஆகிறது. மருத்துவ ஆலோசனைக்கு இது தடையன்று. தொலைவிலிருந்து அறுவைக் கருவியை இயக்குவதற்கு இது பொருந்தாது. கண்ணாடியிழை வடம் எட்டும் ஊர்களில் வடமே சிறந்தது. காடும் மலையும் தீவும் சூழ்ந்த ஊர்களிலேயே செயற்கைக்கோள் இன்றியமையாததாகிறது.

செலவை ஏற்பது யார்?

முன்னோடித் திட்டத்தில் அலைவரிசையை விண்வெளி நிறுவனம் கட்டணமின்றி வழங்கியது. இன்றைய செயற்கைக்கோள்களோ வணிகத் தேவையின் அடிப்படையில் அமைகின்றன. ஜிசாட்-என்2-இன் திறனில் பெரும்பகுதி, ஏவுவதற்கு முன்னரே சேவை நிறுவனங்களால் ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. விமானப் பயணிகளுக்கு இணைய வசதி அளிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. விமானப் பயணியும் மலையூர் ஆரம்ப சுகாதார நிலையமும் ஒரே சந்தையில் போட்டியிட்டால், எவருக்கு முதலிடம் கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து பெறப்படும் தீர்வையைக் கொண்டு இயங்கும் டிஜிட்டல் பாரத் நிதி, இக்குறையை ஈடுசெய்யத்தக்க கருவியாகும். ஒவ்வொரு குறுங்கற்றையிலும் சிறு பங்கை மருத்துவத்திற்கென ஒதுக்கி, அதன் கட்டணத்தை இந்நிதியிலிருந்து ஈடுகட்டுவது பரிசீலிக்கத்தக்கது. கருவியைப் பராமரிக்கவும் இயக்கவும் பயிற்சி பெற்ற பணியாளர் ஒவ்வொரு நிலையத்திலும் இருத்தல் அவசியம். இவ்விரண்டும் அமைந்தால்தான், வானில் பெருகியுள்ள திறன் சரகூர் போன்ற ஊர்களின் நோயாளிகளுக்கும் பயன்படும்.