ஆண்களுக்கும் எலும்பு தேயும்

எலும்புத் தேய்மானம் பெண்களுக்கு வரும் நோய் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அது பெண்களை முன்னதாகவே பிடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வயதான ஆண்களையும் அது விடுவதில்லை. இடுப்பெலும்பு முறிந்த ஓராண்டுக்குள் இறப்போரின் விகிதம் ஆண்களிடையேதான் அதிகம்.

ரயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் ஆதலால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். பழுதான ஸ்லீப்பரை எடுப்பதும் புதியதைப் போடுவதும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். எலும்பிலும் சில செல்கள் பழையதை அரிக்கின்றன. வேறு சில புதிதாகக் கட்டுகின்றன. அரிப்பு மிஞ்சினால் எலும்பு பலவீனமாகிவிடும். இந்த வேலையை மேற்பார்வை செய்பவற்றுள் பாலின ஹார்மோன்கள் முக்கியமானவை.

ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன்தானே என்று அன்பர்கள் கேட்கலாம். அதில் ஒரு சிறு பகுதி, அரோமடேஸ் என்னும் நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவர் உயரம் 204 செ.மீ. டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது. ஆனால் ஈஸ்ட்ரோஜனை அவர் உடல் ஏற்கவில்லை. விளைவு, எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடவில்லை, எலும்பும் மெலிந்திருந்தது. 2000-ல் மேயோ கிளினிக் 59 முதியவர்களிடம் நடத்திய ஆய்வும், எலும்பு அரிப்பைத் தடுப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கே பெரும் பங்கு என்று காட்டியது.

அப்படியானால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா? அவசரப்பட வேண்டாம். இந்த ஹார்மோன் குறைந்த 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தது. டாக்டர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை:

1. உயரம் குறைந்தாலோ, சாதாரணமாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டிருந்தாலோ டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் நோய் என்று பொருள்.

2. நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. உண்டு. பால், மோர், எள், கீரை மீதியைத் தரும்.

3. தாராவிச் சந்துகளிலும் செம்பூர் அடுக்குமாடிகளிலும் வெயில் நுழைவது அரிது. வெளியே வந்து வெயில் படும்படி நடங்கள். மாதுங்கா அன்பர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது.

4. புகையிலையையும் மதுவையும் விடுங்கள்.

5. குளியலறைத் தரை ஈரமின்றி இருக்கட்டும். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடுங்கள்.

வீட்டுப் பெண்களுக்குக் கால்சியம் மாத்திரை வாங்கும்போது, நம் எலும்பைப் பற்றியும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.